சுவிஸில் மின் மலைச் சைக்கிள்: கோடைக்கு மட்டுமா, வருடம் முழுக்கவா?

கோவைக்காரி_பெர்ன்

எல்லோருக்கும் வணக்கம். கோவையிலிருந்து வேலைக்காகப் பெர்ன் வந்து சில வருடங்கள் ஆகின்றன. போன ஆகஸ்டில் நானும் கணவரும் மின் மலைச் சைக்கிள் இரண்டை வாடகைக்கு எடுத்து, ஷ்வார்ட்ஸென்பர்க்கிலிருந்து குர்னிகல் கணவாய் வரை போய்வந்தோம். ஊரில் மருதமலை அடிவாரம் வரை மிதித்ததுதான் என் அனுபவம். 1,608 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்காமல் நின்று காண்ட்ரிஷ் மலைத்தொடரைப் பார்த்தபோது, இதை விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள நல்ல வண்டி ஐயாயிரம் பிராங்கைத் தாண்டுகிறது. நாங்கள் போய்ப் பார்த்த ஒரு கடையில், "ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான் ஓட்டுவீர்கள், மீதி நாளெல்லாம் நிலவறையில் கிடக்கும்" என்றார்கள். அத்தனை காசைக் கொட்டி நான்கு மாதத்துக்கு வாங்குவதா என்று கணவர் யோசிக்கிறார்.

வருடம் முழுக்க ஓட்டுபவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள். எந்தப் பருவத்தில் எங்கே போகிறீர்கள்? குளிரில் பேட்டரி தாங்குமா? எங்களிடம் கார் இல்லை, ரயில்தான். இன்னொன்று, கணவர் நன்றாக மிதிப்பார், எனக்குப் பழக்கமே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து போகிற மாதிரி இருக்குமா?

தெற்குச்சரிவு (லுகானோ)

கடையில் சொன்னது ஆல்ப்ஸ் உச்சிக்கு வேண்டுமானால் சரி. நான் இருக்கும் தெசின் மாநிலத்தில் பெப்ரவரி கடைசியிலேயே சைக்கிளைத் துடைத்து வெளியே எடுத்துவிடுவோம். வடக்கிலிருந்து மலையைத் தாண்டி இறங்கும் ஃபோன் என்கிற சூடான காற்று அடிக்கும் நாள்களில் ஜனவரியில்கூட ஜாக்கெட்டைக் கழற்றிப் பையில் வைக்க வேண்டியிருக்கும். பெர்னில் மழை, மந்தாரம் என்றால் ரயில் ஏறுங்கள். 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கம் 2016இல் திறந்த பிறகு தெற்கே வருவது மிகவும் சுலபமாகிவிட்டது. இன்டர்சிட்டி ரயிலில் சைக்கிளுக்கு இட முன்பதிவு வேண்டுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்தது தெஸ்ஸெரெத்தே ஊரிலிருந்து மோன்தே பார் குடில்வரை ஏறும் பாதை. குடில் சுமார் 1,600 மீட்டரில் இருக்கிறது. கீழே லுகானோ ஏரி, தெளிந்த நாளில் மேற்கே மோன்தே ரோசா. மேலே மரமே கிடையாது, புல்வெளிதான்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் பக்கம் தரை முரடு. பழைய கோவேறு கழுதைப் பாதைகளில் கருங்கல் படிகள் நிறைய. அக்டோபர் கடைசியில் கஷ்கொட்டை இலை கணுக்கால் ஆழத்துக்கு மூடிவிடும். அதற்கடியில் கல்லா, வேரா, பள்ளமா ஒன்றும் தெரியாது. முள்ளுக் கூடுகளும் கிடக்கும். அந்த நேரத்தில் பாதையைத் தெரிந்தவர் யாராவது முன்னால் போவது நல்லது.

எமென்டால்வாசி

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் வேலை முடிந்து வந்த களைப்பிலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். வடமராட்சியில் பிறந்தவன், முப்பது வருடத்துக்கு மேலாகப் பெர்னுக்குக் கிழக்கே உள்ள எமென்டாலில் இருக்கிறேன். சமையலறை வேலை. நாள் முழுக்க நின்று நின்று முழங்கால் போய், வைத்தியர் ஓட்டம் வேண்டாம், சைக்கிள் மிதி என்று சொன்னார். எங்கள் ஊரோ மேடும் பள்ளமும் தவிர வேறு ஒன்றும் இல்லாத இடம். அதனால் மின் வண்டி. இப்போது மனைவியும் ஒன்று வைத்திருக்கிறா. நாங்கள் வருடம் முழுக்க ஓடுகிறோம்.

நான் கண்டது இதுதான்: ஒரே மலைக்குப் பன்னிரண்டு மாதமும் போக நினைத்தால் நான்கு மாதம்தான் ஓடலாம். பருவத்தோடு சேர்ந்து நீங்களும் உயரத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் எல்லா மாதமும் ஓடலாம். பனி உருக உருக மேலே போவது, விழ விழக் கீழே வருவது. பட்டியை மேய்ச்சலுக்கு ஏற்றி இறக்கும் இந்த ஊர் விவசாயிகள் செய்வதும் அதுதான்.

சித்திரை, வைகாசி, அதாவது ஏப்ரல் நடுவிலிருந்து மே வரை எமென்டால். பெர்னில் எஸ்2 ரயில் ஏறி லாங்னாவில் இறங்குங்கள். இங்கே ஒரு குன்றின் முதுகில் ஏறி, பள்ளத்துக்குள் இறங்கி, அடுத்த முதுகில் ஏறுவதுதான் பயணம். கால் பலத்தை மட்டும் நம்பி வந்தால் மூன்றாவது ஏற்றத்தில் சலிப்பு வந்துவிடும். மோட்டர் இருந்தால் அதுவே விளையாட்டாகிவிடும். லூடெரன் ஆல்ப் 1,144 மீற்றர்தான், ஆனால் அங்கே நின்றால் முழுப் பெர்னீஸ் ஆல்ப்ஸும் வெள்ளையாக வரிசையில் நிற்கும். உங்கள் காலடியில் புல்வெளி முழுக்க டேண்டெலியன் பூ, ஒரே மஞ்சள். அந்த நாள்களில்தான் வயலுக்கு மாட்டுச் சாணக் கரைசல் தெளிப்பார்கள். மணம் மூக்கைத் துளைக்கும், எனக்கு அது ஊர் ஞாபகத்தைத் தரும் மணம். லோசானிலிருந்து ரோர்ஷாக் வரை போகும் ஹெர்ட்ஸ்ரூட், 99ஆம் இலக்கச் சைக்கிள் பாதை, எமென்டாலுக்குள்ளாலும் போகிறது. சிவப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டே போகலாம், வழி தவறாது. இளவேனிலில் 1,300 மீற்றருக்கு மேல் வடக்குப் பார்த்த காடுகளுக்குள் போகாதீர்கள். வெளியில் வெயில் எறிக்கும், உள்ளே மே மாதத்திலும் அழுக்குப் பனி கிடக்கும். ஈரமான காட்டுப் பாதையில் 24 கிலோ வண்டி வாய்க்கால் வெட்டிவிட்டுப் போகும், அதைத் திருத்துவது தொண்டர்கள்.

கோடையில் கணவாய்கள். உங்களுக்கு ஒரே ஒரு இடம் சொல்வதென்றால் குரோஸ்ஸ ஷைடெக் சொல்வேன். மைரிங்கன் 595 மீற்றர், கணவாய் 1,962. ரோசென்லாவி தாண்டி ஷ்வார்ட்ஸ்வால்ட் ஆல்ப் வரை கார் வரும். அதற்கு மேலே பொதுப் பஸ்ஸும் மாட்டுக்காரரும் தவிர தனியார் வாகனம் விடமாட்டார்கள். அந்த நிமிடத்தில் இருந்து சத்தம் மாறும். மாட்டு மணி, தண்ணீர், உங்கள் சில்லுச் சத்தம், அவ்வளவுதான். இடது பக்கம் வெட்டர்ஹோர்ன் சுவர் செங்குத்தாக எழும்பி நிற்கும், கழுத்தை நன்றாக நிமிர்த்தினால்தான் உச்சி தெரியும். கணவாயைத் தாண்டினால் கிரிண்டெல்வால்ட், அங்கிருந்து இன்டர்லாக்கனுக்கு ரயில். பஸ் வளைவுக்கு அப்பால் மூன்று சுரத்தில் ஊதும். ஊதினால் ஓரம் கட்டி நில்லுங்கள். மலைத் தபால் வீதியில் பஸ் சாரதி சொல்வதுதான் சட்டம். ஜூலை, ஆகஸ்டில் பின்னேரம் இடி மழை திடீரென்று கட்டும், அதனால் விடிய வெளிக்கிட்டு இரண்டு மணிக்கு முன் உயரத்தை விட்டு இறங்கிவிடுவோம். ரேகா மீட்பு ஹெலிகொப்டர் இலக்கம் 1414, கைப்பேசியில் போட்டு வையுங்கள்.

மாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கன்றுக்கும் தாய்ப் பசுவுக்கும் இடையால் போகக்கூடாது. மோட்டரை நிறுத்தி, வண்டியை உங்களுக்கும் பசுவுக்கும் நடுவில் பிடித்து, தள்ளிக்கொண்டு ஆறுதலாகச் சுற்றிப் போங்கள். மின்வேலியில் பிளாஸ்டிக் கைபிடி போட்ட கொக்கி இருக்கும். கைபிடியை மட்டும் பிடித்துக் கழற்றி, சைக்கிளைக் கடத்தி, திரும்ப மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். யூரா மலையில் வேலிக்குப் பதிலாக வீதிக்குக் குறுக்கே இரும்புக் குழாய் அடுக்கியிருப்பார்கள், மாடு தாண்டாமல் இருக்க. மழை பெய்தால் அந்தக் குழாய் சவர்க்காரம்போல வழுக்கும். ஹாண்டிலை நேராக வைத்து, பிறேக்கில் கை வைக்காமல், மிதிக்காமல் உருண்டு போனால் ஒன்றும் ஆகாது.

இலையுதிர் காலம். எனக்கு வருடத்தில் மிகவும் விருப்பமானது இதுதான், கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர், நவம்பரில் பெர்ன், சொலதூர்ன், பீல் எல்லாம் மூடுபனிக்குள் கிடக்கும். கிழமைக் கணக்கில் சூரியன் தெரியாது. எங்கள் ஆட்கள் நிறையப் பேருக்கு அந்த மாதங்களில் மனம் சோர்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மூடுபனிக்கு ஒரு கூரை உண்டு. வானிலை அறிக்கையில் "மூடுபனியின் மேல் எல்லை" என்று மீற்றரில் சொல்வார்கள். அமைதியான நாளில் 800 முதல் 1,000 வரை. பீஸ் என்கிற வடகிழக்குக் காற்று வீசினால் 1,200, 1,500 என்று ஏறும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் நான் அன்றைக்கு எந்த மலை என்று முடிவு செய்வேன். 900 என்றால் லூடெரன் ஆல்ப் போதும். 1,200 என்றால் பீலில் ரயில் மாறி சான்-இமியே இறங்கி ஷாஸ்ஸெரால். அது 1,600 மீற்றருக்குக் கொஞ்சம் மேல், உச்சியில் உயரமான ஒலிபரப்புக் கோபுரம்.

ஏறும்போது ஒன்றும் தெரியாது. கண்ணாடியில் நீர்த்துளி, கைமுட்டியில் ஈரம், பத்து மீற்றர் முன்னால் மரம் இருப்பதே நிழல்போல. பிறகு சாம்பல் நிறம் வெளுக்கத் தொடங்கும். இன்னும் இரண்டு வளைவு. தலைக்கு மேல் நீலம் கிழியும், முகத்தில் வெயில் படும். குளிர்காற்று கீழே தங்கி, சூடான காற்று மேலே இருப்பதால் உச்சியில் பள்ளத்தாக்கைவிடச் சூடு. கையுறையைக் கழற்ற வேண்டி வரும். திரும்பிப் பார்த்தால் பஞ்சுக் கடல், அதற்கு அப்பால் செண்டிஸிலிருந்து மொன் பிளாங் வரை ஆல்ப்ஸ். மின் வண்டியின் பெறுமதியை ஒரே நாளில் யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் நான் அந்த நாளுக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன்.

அக்டோபர் நடுவில் இரண்டு நாள் லீவு கிடைத்தால் எங்கடின். பொன்ட்ரெசினாவிலிருந்து ரோசெக் பள்ளத்தாக்குக்குள் ஏழு கிலோமீற்றர், ஏற்றம் மிகக் குறைவு, குதிரை வண்டியும் நீங்களும்தான். ஊசியிலை மரங்களில் இலையுதிர்ப்பது லார்ச். உதிருமுன் முழு மலையும் பொன்னிறம். நல்ல வடிவு என்று எழுதினால் போதாது, போய்ப் பாருங்கள்.

குளிர்காலத்தில் நாங்கள் உயரம் தேடுவதில்லை. எமென்டால் காட்டு வீதிகள், ஆரே ஆற்றங்கரை, வெயிலுள்ள நாளில் யூராவின் கீழ்ச் சரிவுகள். ஜனவரிக் காலை, இரவு முழுக்கக் கட்டியாக உறைந்த சேறு இருக்கிறதே, வருடத்திலேயே நல்ல தரை அதுதான். தார் வீதிமாதிரி ஓடும். ஃபோன் காற்று அடித்து அது கரையத் தொடங்கினால் அன்றைக்கு வெளிக்கிட வேண்டாம். பனி நசிந்து ஐஸான இடத்துக்கு ஆணி வைத்த டயர் போடுவோம். மனைவி அது இல்லாமல் டிசம்பருக்குப் பிறகு வாசலைத் தாண்டமாட்டா. ஒன்றை மட்டும் கட்டாயம் கவனியுங்கள்: குளிர்காலத்தில் காட்டு விலங்குகளுக்கான அமைதி வலயம் என்று வரைபடத்தில் குறித்திருப்பார்கள். அந்தக் குளிரில் ஒரு மானை ஓடவைத்தால் அது சேமித்து வைத்த கொழுப்பை எரித்துவிடும், தை, மாசி தாண்டுவதற்கு அதனிடம் வேறு ஒன்றும் இல்லை. அந்த இடங்களுக்குள் போகவே கூடாது.

கோவைக்காரி_பெர்ன்

அண்ணா, படித்துவிட்டு இரவே வரைபடத்தை விரித்துவிட்டோம். கணவருக்கு மூடுபனியின் மேல் எல்லை என்ற விஷயம் ரொம்பப் பிடித்துவிட்டது, தினமும் அந்த எண்ணைப் பார்க்கிறார்!

பேட்டரி பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். விளம்பரத்தில் 100 கிலோமீட்டர், 120 கிலோமீட்டர் என்று போடுகிறார்கள். குர்னிகல் போன அன்று அதில் பாதிகூட வராது போல இருந்தது. சைஸ் எதைப் பார்த்து வாங்குவது? ரயிலில் தூக்கி ஏற்ற முடியுமா?

அப்புறம் வருகிற மே மாதம் அப்பா ஊரிலிருந்து வருகிறார். 66 வயது, தினமும் நடப்பவர், சின்ன வயதில் சைக்கிள் ஓட்டியவர். அவரையும் கூட்டிப் போகலாமா? லைசென்ஸ் ஏதாவது கேட்பார்களா?

ஃப்ரைபுர்க்_மிதி

எல்லைக்கு இந்தப் பக்கம் ஜெர்மனியில் ஷ்வார்ட்ஸ்வால்ட் என்கிற கருங்காட்டு மலைகளின் அடிவாரத்தில் இருக்கிறேன். பாசல் வழியாக ரயிலில் வந்துவிடலாம் என்பதால் இதையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுவிஸ்போல மலை முகத்தில் அறையாது. கருகரு என்று ஊசியிலைக் காடு, நல்ல அகலமான வன வீதிகள். ஆகஸ்ட் வெயிலில் சுவிஸ் கணவாய்களில் நிழலே இருக்காது, இங்கே நாள் முழுக்க நிழலில் ஓட்டலாம். ஷவின்ஸ்லாண்ட் 1,284 மீட்டர், ஊர் எல்லையிலிருந்தே ஏற்றம் தொடங்கிவிடும்.

வருவதற்கு முன் ஒரு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் காட்டுக்குள் இரண்டு மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள பாதையில் சைக்கிள் ஓட்டக்கூடாது. மின் வண்டி, சாதா வண்டி எல்லாவற்றுக்கும் இதே விதி. சைக்கிளுக்கென்றே அனுமதித்த பாதைகள் தனியாக உண்டு. ரோஸ்கோப் குன்றிலிருந்து இறங்கும் போர்டர்லைன் அப்படிப்பட்டது, ஆனால் தாவு மேடுகள் உள்ள பாதை, முதல் வருடத்தில் வேண்டாம். வன வீதிகளே போதும். ஞாயிற்றுக்கிழமை நடப்பவர்கள் நிறைய இருப்பார்கள். பின்னாலிருந்து மணியடித்து மிரட்டாமல், வேகத்தைக் குறைத்து வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. மோட்டர் வண்டிக்காரர்கள்மேல் இருக்கும் கோபம் முக்கால்வாசி ஏற்றத்தில் அவர்கள் காட்டும் வேகத்தால் வந்தது. நடப்பவர் ஏற்றத்தில் பின்னாலிருந்து சைக்கிளை எதிர்பார்ப்பதே இல்லை.

எமென்டால்வாசி

ஃப்ரைபுர்க் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இங்கே பெர்ன் பக்கம் "குரூஸ்ஸெக்" என்று சொல்லிவிட்டுப் போனால் கிழவர் கிழவிகள் சிரித்துக்கொண்டே வழி விடுவார்கள்.

தங்கச்சி, பற்றரிக்குக் கிலோமீற்றரை மறந்துவிடுங்கள். மலையில் ஏற்றம்தான் கணக்கு. நான் 78 கிலோ, வண்டி 24, பையும் தண்ணீரும் 6, ஆக 108 கிலோ. இதை 1,000 மீற்றர் உயரத்துக்குத் தூக்க மட்டும் ஏறத்தாழ 295 வாட்-மணி (பற்றரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) வேண்டும். அதற்கு மேல் டயர் உராய்வும் மோட்டரில் சூடாகப் போவதும் இருக்கிறது. இதில் பாதியை உங்கள் கால் தந்தால் பற்றரி மீதியைத் தரும். கால் கொஞ்சமாகத் தந்து டர்போவில், அதாவது மோட்டர் ஆகக் கூட உதவும் நிலையில், போட்டால் பெரும்பகுதிச் சுமை பற்றரிக்கு. மைரிங்கனில் இருந்து ஷைடெக் 1,367 மீற்றர் ஏற்றம். 625 வாட்-மணிப் பற்றரியில் ஈகோவும் (குறைந்த உதவி) டூரும் (நடுத்தர உதவி) மாற்றி மாற்றிப் போனால் மேலே போய்ச் சேரும்போது நல்ல மிச்சம் இருக்கும். முழுக்க டர்போ என்றால் கணவாய்க்கு முன்பே பயம் பிடிக்கும். கார் இல்லாமல் மலைக்குப் போகும் உங்களுக்கு 600க்குக் குறையாமல் வாங்கினால் போதும் என்பது என் எண்ணம். அதைவிடப் பெரியது வாங்கினால் எடை ஏறும், ரயிலில் தூக்குவது நீங்கள்தான்.

இரண்டு பேரும் சேர்ந்து போவதைப் பற்றிக் கேட்டீர்கள். மோட்டரின் உண்மையான நன்மை அங்கேதான். நான் ஈகோவில் போவேன், மனைவி டூரில் வருவா. இரண்டு பேருக்கும் ஒரே வேகம், கதைத்துக்கொண்டே ஏறலாம். டூரில் வந்தாலும் அவவின் எடை குறைவு என்பதால் அவவின் பற்றரியும் பின்னேரம் வரை தாங்கும். சாதா சைக்கிளில் போன காலத்தில் நான் மேலே நின்று காத்திருப்பேன், அவ வந்து சேரும்போது எனக்குக் குளிர் பிடித்திருக்கும், அவவுக்குக் கோபம் வந்திருக்கும். அந்தப் பிரச்சினை முடிந்தது.

குளிரில் பற்றரிக்குள் இருக்கும் திரவம் மந்தமாகி, தரக்கூடிய சக்தி குறையும். பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம், சூடானால் திரும்ப வரும். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள், வெளிக்கிடும்போதுதான் பூட்டுங்கள். நியோபிரீன் உறை நல்லது. ஓடிக்கொண்டிருக்கும்போது அதுவே கொஞ்சம் சூடு பிடிக்கும், நீண்ட நேரம் வெளியில் நிறுத்தி வைத்துக் கோப்பி குடித்தால்தான் ஆறிவிடும். உறைந்து வந்த பற்றரியை உடனே சார்ஜில் போடவே கூடாது. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லிதியம் உலோகமாகப் படியும், அந்தச் சேதம் திரும்பாது. அறைச் சூட்டில் சில மணித்தியாலம் வைத்துவிட்டுப் போடுங்கள். பல கிழமை ஓட மாட்டோம் என்றால் முழுதாக ஏற்றியும் வைக்காமல், காலியாகவும் விடாமல் பாதி அளவில் வையுங்கள். எங்கள் கன்டோனுக்கு அயலில் லா பிரெவீன் என்று ஒரு பள்ளத்தாக்கு, 1987 ஜனவரி 12இல் மைனஸ் 41.8 பாகை பதிவான இடம். அங்கே மாசி மாதத்தில் சைக்கிள் பார்த்திருக்கிறேன், ஆனால் எனக்கு மைனஸ் ஐந்தோடு சரி. விரல் மரத்துப்போனால் பிறேக் பிடிக்கும் பலம் போய்விடும்.

குளிர்காலத்து உப்புக்கும் ஒரு வழி சொல்ல வேண்டும். வீதியில் போடும் உப்பு சங்கிலியைத் தின்றுவிடும். ஓடிவிட்டு வந்ததும் வாளித் தண்ணீரால் கழுவி, துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய். உயர் அழுத்தக் குழாய் அடிக்காதீர்கள், மோட்டர் பூட்டுகளுக்குள் தண்ணீர் போகும்.

ரயில்: எஸ்-பான் ரயில்களில் கதவு மட்டம் தாழ்வு, உருட்டிக்கொண்டே ஏறலாம். இன்டர்சிட்டியில் கொக்கியில் தொங்கவிட வேண்டி வரும், 24 கிலோவை முன்சில்லோடு தூக்குவது லேசல்ல. பற்றரியைக் கழற்றிப் பையில் போட்டால் மூன்றரை, நான்கு கிலோ குறையும். சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்க மறக்காதீர்கள். அப்பா ஊரிலிருந்து யாருக்காவது வாங்கிக்கொண்டு போகலாமா என்று கேட்டால் இப்போதே சொல்லி வையுங்கள், இந்தப் பற்றரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்றவே விடமாட்டார்கள்.

இனி அப்பா. மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் மோட்டர் உதவாத வகை வண்டிக்கு 16 வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் லைசென்ஸ் வேண்டாம், மஞ்சள் நம்பர் தகடும் வேண்டாம். 45 போகும் வகைக்குத்தான் அதெல்லாம். தலைக்கவசம் இந்த வகைக்குச் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் போடாமல் அவரை ஏற்றாதீர்கள். 2022 ஏப்ரலில் இருந்து மின் சைக்கிளுக்குப் பகலிலும் விளக்கு எரிய வேண்டும், வாடகை வண்டியில் அது எரிகிறதா என்று பாருங்கள்.

மே கடைசியில் வந்தால் எமென்டால் சரியான இடம். மலைச் சைக்கிளே வேண்டும் என்றில்லை, ஆனால் அகன்ற டயரும் முன்சஸ்பென்ஷனும் வயதானவரின் கைக்கு இதம். நடக்கிற மனிதர் என்றால் மூச்சுக்குப் பிரச்சினை இருக்காது. பழக வேண்டியது இறக்கம்தான். வெளிக்கிடும் முன் பள்ளிக்கூட மைதானம்போல ஒரு சமதரையில் அரை மணித்தியாலம் விடுங்கள். ஊரில் இரும்புக் கம்பிப் பிறேக்கை முழுப் பலத்தோடு பிடித்துப் பழகிய கை. இங்கே டிஸ்க் பிறேக்குக்கு ஒரு விரல் போதும், நாலு விரலால் இழுத்தால் முன்சில்லு நின்று ஆள் மேலால் போய்விடுவார். ஒரு விரல் பிறேக்கில், மூன்று விரல் பிடியில், இருக்கையைப் பதித்து, உடம்பைப் பின்னுக்கு எடுத்து நிற்பது எப்படி என்று காட்டிக் கொடுங்கள். நீண்ட இறக்கத்தில் பிறேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராமல், நேர் வீதியில் விட்டு, வளைவுக்கு முன் பிடித்து, மறுபடி விட வேண்டும். மோட்டரும் முதலில் ஈகோவில். டர்போவில் காலை வைத்ததும் வண்டி பாய்ந்தால் வயதானவர் திடுக்கிட்டுவிடுவார்.

லாங்னாவில் இறங்கும் நாளை முன்கூட்டிச் சொல்லுங்கள். ஞாயிறு எனக்கு வேலை இல்லை என்றால் நானும் மனைவியும் ஸ்டேஷனுக்கு வருகிறோம். அப்பாவுக்குச் சோறு வேண்டும் என்றால் மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, வெயில் சாய லூடெரன் ஆல்ப் ஏறலாம்.